மூன்று நாளில் ஸ்டாக்ஹோம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வடக்கு ஐரோப்பாவின் தலைநகரங்களுக்குக் குறுகிய பயணம் போவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமைப் பற்றியே இருந்ததால் இந்த முறை அந்த ஒரு நகரம் மட்டும்.

எட்டு நாளில் கோபன்ஹேகன், ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி நான்கையும் காட்டுகிறோம் என்று ஒரு பயண நிறுவனம் சொல்கிறது. போகலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிற ஊர்கள்தான், ஆனால் ஸ்டாக்ஹோமிலிருந்து கோபன்ஹேகனுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆஸ்லோவுக்கும் அதே அளவு, விமானத்தில் போனாலும் விமான நிலையம் போவது, காத்திருப்பது, பெட்டியை எடுத்துக்கொண்டு ஹோட்டல் சேர்வது என்று அரை நாள் போய்விடும். நான்கு ஊர் என்றால் மூன்று அரை நாள்கள் சாலையிலும் வரிசையிலும் கழியும், மிச்ச நேரத்தில் பேருந்து ஜன்னல் வழியாக நாலு அரண்மனையைப் பார்த்துவிட்டு வருவீர்கள். இவ்வளவு செலவு செய்து போகிறவர்களுக்கு அது நியாயமாக எனக்குப் படவில்லை.

இரண்டு ஊர் போதும். ஸ்டாக்ஹோமில் முழுதாக மூன்று நாள், அப்புறம் மாலையில் கிளம்பும் கப்பலில் ஏறினால் மறுநாள் காலை ஹெல்சிங்கி. அந்தக் கப்பலின் அறைக் கட்டணம் பல நாள்களில் ஒரு ஹோட்டல் அறையை விட அதிகம் இருக்காது, ஓர் இரவுத் தங்கலும் பயணமும் ஒரே செலவில் முடிகிறது. அதைவிட முக்கியம், கிளம்பிய முதல் சில மணி நேரம் கப்பல் தீவுக் கூட்டத்துக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். சிறு பாறைத் திட்டுகளையும் சேர்த்தால் ஸ்டாக்ஹோமைச் சுற்றி சுமார் 30,000 தீவுகள். கோடையில் வெளிச்சம் இரவு பத்து மணி வரை இருப்பதால் மேல்தளத்தில் நின்றே பார்க்கலாம், சாப்பாட்டு வரிசைக்கு அவசரப்பட்டு உள்ளே போய்விடாதீர்கள். நடு இரவில் கப்பல் ஓலந்து தீவில் சிறிது நேரம் நிற்கும். ஓலந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே நின்று போகும் கப்பலில் வரியில்லாமல் பொருள்கள் விற்கலாம், அதற்காகத்தான்.

எந்த மாதம் நல்லது? பள்ளி விடுமுறையில் மே அல்லது ஜூன் மாதம்தான் எங்களால் முடியும். – வாசகி, சேலம்

மே கடைசி வாரமும் ஜூன் முதல் பாதியும் அருமையான காலம். பகல் நீளம், கூட்டம் இன்னும் ஏறியிருக்காது. பகலில் வெப்பம் பெரும்பாலும் 15லிருந்து 20 டிகிரிதான், ஆகவே குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் காற்று புகாத ஒரு மேலங்கியும் கட்டாயம் வேண்டும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை அவர்களுடைய கோடைத் திருநாளின் முந்தைய நாள். அதுதான் அங்கே பெரிய கொண்டாட்டம். வெள்ளி, சனி இரண்டு நாளும் நகரத்து மக்கள் கிராமத்து வீடுகளுக்கும் தீவுகளுக்கும் போய்விடுவார்கள், பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். அந்த நாளில் அங்கே இருக்க நேர்ந்தால் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போங்கள், பூ சுற்றிய கம்பத்தைச் சுற்றி எல்லோரும் ஆடுவார்கள், வெளியூர்க்காரர்களையும் கைபிடித்துச் சேர்த்துக்கொள்வார்கள். டிசம்பரில் போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: காலை எட்டே முக்காலுக்கு விடிந்து மூன்று மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

வாசா கப்பல் அருங்காட்சியகத்துக்கு 200 குரோனர் அளவுக்குக் கட்டணம் கேட்கிறார்கள். மூழ்கிப்போன ஒரு மரக்கப்பல்தானே, அவ்வளவு கொடுத்துப் பார்க்கத்தான் வேண்டுமா? – வாசகர், தூத்துக்குடி

துறைமுக ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் முதலில் சொல்வேன்: ஸ்டாக்ஹோமில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் அது வாசாவாக இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழே கட்டணமே கிடையாது.

கதை இதுதான். ஸ்வீடன் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் போலந்துடன் போரில் இருந்த காலத்தில் கட்டச் சொன்ன போர்க்கப்பல்தான் வாசா. 64 பீரங்கிகள், இரண்டு பீரங்கித் தளங்கள், 69 மீட்டர் நீளம், உடல் முழுக்க சிங்கமும் வீரர்களும் கடவுளரும் செதுக்கிய நூற்றுக்கணக்கான சிற்பங்கள். கட்டிய தலைமைத் தச்சர் ஹாலந்துக்காரர், வேலை முடிவதற்கு முன்பே 1627இல் இறந்துவிட்டார். கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை நடந்தது. 30 ஆட்களைத் தளத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடவிட்டார்கள், மூன்று ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆட ஆரம்பித்தது, கவிழ்ந்துவிடும் என்று சோதனையை நிறுத்தினார்கள். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை. அரசர் போர்க்களத்திலிருந்து அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார், முடியாது என்று அவரிடம் சொல்ல யாரும் முன்வரவில்லை. 1628 ஆகஸ்ட் 10, ஊரே கரையில் நின்று பார்க்க, 1,300 மீட்டர்தான் போயிருக்கும், ஒரு காற்று வீசியது, கப்பல் சாய்ந்தது, மரியாதை வெடி வெடிக்கத் திறந்து வைத்திருந்த பீரங்கி ஜன்னல்கள் வழியே தண்ணீர் உள்ளே பாய்ந்தது. சுமார் 30 பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை.

இடிபாட்டில் கிடைத்த பொருள்களில் தச்சர்களின் அளவுகோல்களும் உண்டு. அவற்றில் சில ஸ்வீடன் அடிக்கணக்கு, 12 அங்குலம். மற்றவை ஆம்ஸ்டர்டாம் அடிக்கணக்கு, 11 அங்குலம். ஒரே கப்பலில் இரண்டு அளவு! கப்பலின் இரு பக்கமும் ஒரே கனத்தில் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் கவிழ்ந்ததற்கு முதல் காரணம் மேல்பகுதி கனத்தும் நீருக்குக் கீழே உள்ள பகுதி குறுகியும் இருந்ததுதான்.

அதன் பிறகு நடந்ததும் இதே அளவு சுவாரசியம். 1660களில் மணி வடிவக் கூண்டுக்குள் நின்றபடி ஆட்கள் 32 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, இருட்டில், உறையும் குளிரில், 50க்கும் மேற்பட்ட பீரங்கிகளை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். அப்புறம் கப்பல் கிடந்த இடமே மறந்துபோனது. 1956இல் ஆண்டர்ஸ் ஃபிரான்சென் என்பவர் தானே செய்த ஒரு கருவியைத் தண்ணீரில் இறக்கி இறக்கித் தேடியபோது அதில் கறுத்த ஓக் மரத்துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. மூழ்காளிகள் கப்பலுக்கு அடியில் சேற்றைக் குடைந்து ஆறு சுரங்கங்கள் தோண்டி, இரும்பு வடங்களைக் கோத்து, 1961 ஏப்ரல் 24 அன்று மேலே கொண்டுவந்தார்கள். 333 ஆண்டுகள் நீருக்குள் கிடந்த மரம் எப்படி உளுத்துப் போகவில்லை? பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு, மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழுவால் அந்த நீரில் வாழ முடியாது. நம் கடலில் ஒரு மரக்கப்பல் மூழ்கினால் இந்தப் பாக்கியம் கிடைக்காது. மேலே எடுத்த பிறகு அப்படியே காயவிட்டால் மரம் சுருங்கி வெடித்துவிடும் என்று, பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருளைத் தண்ணீரில் கலந்து 17 ஆண்டுகள் விடாமல் தெளித்தார்கள். இன்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அதே 1628ஆம் ஆண்டு மரம்.

உள்ளே வெளிச்சமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தியிருப்பதால் மங்கலாகவும் குளிராகவும் இருக்கும், மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் தளத்தில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு தளமாக ஏறிப் பின்பக்கச் சிற்பங்களைப் பாருங்கள், அப்புறம் கீழே இறங்கி, இறந்தவர்களின் எலும்புகளையும் அவர்களுடைய செருப்பு, சட்டை, கரண்டிகளையும் வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். அரை நாள் ஒதுக்கினால் நல்லது.

நாடாளுமன்றத்துக்கு எதிரே நின்று ஒருவர் தூண்டில் போடுவதை வீடியோவில் பார்த்தேன். நகரத்தின் நடுவே, அதுவும் தலைநகரத்தில், மீன் பிடிக்க அனுமதி உண்டா? – வாசகர், நாகப்பட்டினம்

உண்டு, அனுமதிச் சீட்டுகூட வேண்டாம். அந்த நீரோட்டத்தில் சால்மனும் கடல் டிரவுட்டும் கிடைக்கும். நீர் அவ்வளவு சுத்தம் என்பது ஒரு காரணம், மற்றொன்று அந்த இடமே ஓர் ஏரியும் கடலும் சந்திக்கும் வாசல்.

ஸ்டாக்ஹோம் 14 தீவுகளின் மேல் இருக்கிறது. மேற்கே மேலாரென் என்ற பெரிய நன்னீர் ஏரி, கிழக்கே பால்டிக் கடல். ஏரியின் நீர்மட்டம் கடலை விட சுமார் 70 சென்டிமீட்டர் உயரம், அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் அரண்மனைக்கு அருகே தண்ணீர் சலசலவென்று பாய்கிறது. ஒரு காலத்தில் மேலாரென் ஏரியாக இல்லை, கடலின் ஒரு கை. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளம் நிலத்தை அழுத்தி வைத்திருந்தது, பனி உருகிய பின் மெத்தையில் உட்கார்ந்தவர் எழுந்ததும் பள்ளம் மெல்ல மேலே வருவது போல நிலம் எழும்ப ஆரம்பித்தது, இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது, ஸ்டாக்ஹோமில் நூறு ஆண்டுக்கு அரை மீட்டர் அளவில். 1200ஐ ஒட்டி நிலம் உயர்ந்து கடலின் கை துண்டிக்கப்பட்டு ஏரியானது. அந்த இடுக்கு வழியைக் கையில் வைத்திருப்பவருக்கு உள்நாட்டு வணிகம் முழுதும் கையில். 1252 அளவில் கோட்டையோடு ஊர் அங்கே எழுந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது கடல்மட்டமும் உயர்கிறது. நகரத்தின் குடிநீர் மேலாரெனிலிருந்து வருவதால் உப்பு நீர் ஏரிக்குள் ஏறிவிடக்கூடாதே என்ற கவலை இருக்கிறது. ஸ்லுசென் என்ற இடத்தில் பெரிய கட்டுமான வேலையைப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள், ஏரியின் வெள்ளத்தைக் கூடுதலாக வெளியேற்றவும் கடலைத் தடுக்கவும் மதகைப் புதிதாகக் கட்டியதும் அந்த வேலையில்தான்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. மூன்று நாளைக்குச் சாப்பாடு கிடைக்குமா, பொடி வகைகள் கொண்டுபோகலாமா? – வாசகி, கும்பகோணம்

கிடைக்கும், தாராளமாக. இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேராத வெகான் உணவு அங்கே மிகப் பரவலானது, சாதாரண உணவகத்திலும் ஒரு சைவ வகையாவது இருக்கும். வார நாள்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை மதிய உணவு என்று ஒரு விலைக்கு, சாலட், ரொட்டி, காபி எல்லாம் சேர்த்துக் கொடுப்பார்கள். அதே கடையில் இரவு சாப்பிட்டால் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஆகவே வயிறாரச் சாப்பிடுவதை மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோடர்மால்ம் தீவின் மேட்டில் ஹெர்மன்ஸ் என்ற சைவ பஃபே உணவகம் இருக்கிறது, துறைமுகம் முழுவதும் கண்ணுக்குக் கீழே தெரியும். காபியோடு தின்னும் இலவங்கப்பட்டை பன்னும் ஏலக்காய் பன்னும் பிரமாதம், ஏலக்காய் வாசம் நமக்கு மிகப் பழகியது. ஆனால் பளபளப்புக்காக மேலே முட்டை தடவி வேகவைப்பது வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். நெய், பால்பொடி, தயிர் கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் பயணிகள் கொண்டுவரத் தடை. மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலையும் கொண்டுபோகாதீர்கள், பறித்துவிடுவார்கள்.

சர் சி.வி. ராமன் நோபல் பரிசு வாங்கிய இடத்தைப் பார்க்க முடியுமா? – கல்லூரி மாணவர், திருச்சி

உங்கள் ஊரில் பிறந்தவர் அவர், கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 1930 டிசம்பர் 10 அன்று அரசர் ஐந்தாம் குஸ்தாவிடமிருந்து ராமன் பரிசு பெற்றது ஹோட்டோரியெட் சதுக்கத்தில் இருக்கும் நீல நிற இசையரங்கத்தில். 1983இல் அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரும், 2009இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் நின்றது அதே மேடை. உள்ளே போக வேண்டுமென்றால் ஒரு கச்சேரிக்குச் சீட்டு வாங்குவதே சுலபமான வழி. வெளியே காய்கறிச் சந்தை நடக்கும், முன்வாசலில் கார்ல் மில்லஸ் செய்த ஆர்ஃபியஸ் சிற்பக் குழு.

பரிசளிப்புக்குப் பிறகு இரவு விருந்து நகர மன்றத்தில். 1923இல் திறந்த கட்டடம், 80 லட்சம் செங்கல். தங்க மண்டபத்தின் சுவரில் மட்டும் 1 கோடியே 80 லட்சம் மொசைக் துண்டுகள். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், முக்கால் மணி நேரம் ஆகும். பழைய நகரத்தில் நோபல் பரிசு அருங்காட்சியகமும் உண்டு. அங்கே உணவகத்தில் உட்கார்ந்தால் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பரிசு பெற்றவர்கள் அடிப்பலகையில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா? – வாசகி, மதுரை

கண்டிப்பாக அழைத்துப் போங்கள், அந்த ஊர் அவர்களுக்குச் சுலபமாகவே இருக்கும். சிரமம் காம்லா ஸ்டான் என்ற பழைய நகரத்தில் மட்டும்தான், உருளைக்கல் பாவிய சரிவான தெருக்கள். அங்கே நடுச்சதுக்கத்தையும் அரண்மனை முற்றத்தையும் காட்டிவிட்டு பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள், 90 சென்டிமீட்டர் அகலமே உள்ள சந்துக்கு நீங்கள் மட்டும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பேருந்துகள் தாழ்தளம், வாசாவில் லிஃப்ட் உண்டு, ஸ்கான்சென் மேட்டில் ஏற நகரும் படிகள் உண்டு.

அம்மாவுக்குப் படகுதான் மிக நல்ல வாகனம். ஸ்லுசெனிலிருந்து யூர்கோர்டன் தீவுக்கு 82ஆம் எண் படகு போகிறது, சாதாரண பேருந்துச் சீட்டே அதற்கும் செல்லும். சுற்றுலாப் படகுக்குப் பெரிய தொகை கொடுப்பதற்கு முன் இதில் ஒரு முறை போய்ப் பாருங்கள், அரண்மனை, பழைய நகரம், கோபுரங்கள் எல்லாம் தண்ணீரிலிருந்து தெரியும், இறங்குமிடத்திலிருந்து வாசா சிறிது நடை.

செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள். யூரோ மாற்றிக்கொண்டு போகட்டுமா? – வாசகர், புதுச்சேரி

யூரோ வேண்டாம், அங்கே குரோனர், ஒன்று நம் பணத்தில் சுமார் 9 ரூபாய். நோட்டாகவும் மாற்ற வேண்டாம், பல கடைகளும் அருங்காட்சியகங்களும் ரொக்கமே வாங்குவதில்லை, நகரப் பேருந்து ஓட்டுநரும் வாங்கமாட்டார். வெளிநாட்டில் செல்லும் அட்டை இரண்டு வைத்துக்கொண்டால் போதும், அதே அட்டையை மெட்ரோ வாசலில் தொட்டால் 75 நிமிடச் சீட்டு. மூன்று நாள் தங்குபவர்கள் 72 மணி நேரச் சீட்டு வாங்கிவிடலாம்.

ஆர்லாண்டா விமான நிலையத்திலிருந்து ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் ரயில் 20 நிமிடத்தில் கொண்டுவிடும், ஆனால் விலை அதிகம். நேரம் இருந்தால் 583ஆம் எண் பேருந்தில் மேர்ஷ்டா போய் அங்கிருந்து புறநகர் ரயில் பிடியுங்கள், நகரச் சீட்டே போதும். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீர் அவ்வளவு நன்றாக இருக்கும். ஸ்லுசெனில் நகர அருங்காட்சியகம் இலவசம்.

மழை பிடித்துக்கொண்டால் அந்த 75 நிமிடச் சீட்டிலேயே மெட்ரோ நிலையங்களைப் பாருங்கள். 100 நிலையங்களில் 90க்கும் மேற்பட்டவற்றில் ஓவியமோ சிற்பமோ இருக்கிறது. தி-சென்ட்ராலனில் குகை போன்ற பாறைமேல் நீலக் கொடிகள், சோல்னா சென்ட்ரமில் ரத்தச் சிவப்பு வானத்துக்குக் கீழே பச்சைக் காடு, ஸ்டேடியனில் வானவில். பூமிக்கடியில் பாறையைக் குடைந்த இடத்தை மறைக்காமல் அப்படியே விட்டு அதன்மேல் வரைந்திருக்கிறார்கள், தினம் வேலைக்குப் போகிற மக்கள் பார்ப்பதற்காக. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

ஸ்டாக்ஹோமில் வடதுருவ ஒளி தெரியுமா? – வாசகர், திருநெல்வேலி

அபூர்வமாக. அதை நம்பிப் போகாதீர்கள். அதற்கு கிருனா, அபிஸ்கோ பக்கம், சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, குளிர்காலத்தில் போக வேண்டும். அது தனிப் பயணம்.

விசா எந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்பது? – வாசகி, சென்னை

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், எல்லா இடத்திலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கோடைக்குப் போகிறவர்கள் கடைசி மாதம் வரை தள்ளாதீர்கள், நேர்காணல் நாள் கிடைப்பதே கஷ்டம்.

லண்டன் போகும் வழியில் ஸ்டாக்ஹோமில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளியே போய் வரலாமா? – வாசகர், ஈரோடு

ஷெங்கன் விசா கையில் இருந்தால் போகலாம். உங்களுக்கு மட்டும் விலையைப் பார்க்காமல் ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் எடுக்கச் சொல்வேன். பையை நிலையத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டு நேரே ஸ்லுசென், 82ஆம் எண் படகு, வாசாவில் இரண்டு மணி நேரம், திரும்பும்போது 7ஆம் எண் டிராம். நேரம் மிச்சமிருந்தால் பழைய நகரத்தில் ஒரு காபி, இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாக ஆர்லாண்டாவில் இருக்க வேண்டும், பாதுகாப்புச் சோதனை வரிசை கோடையில் நீளம்.